நோட்டின் இரண்டு பக்கங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையருகே, டீக்கடைப் பெஞ்சில் சென்ற வாரம் நான் கண்ட காட்சியொன்றைத் தங்கள் வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன். இவ்வூர் அரசினர் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகத்தில் டிப்ளமோ முடித்த பையனொருவனுக்குக் குஜராத்தின் மோர்பியிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருக்க, அங்கே டைல்ஸ் ஆலையில் இரண்டு வருஷம் ஜீவனம் நடத்தித் திரும்பிய சிநேகிதன், நோட்டின் ஒரு பக்கத்தில் சம்பளத்தையும் மறுபக்கத்தில் அறை வாடகை, மெஸ், ரயில் பிரயாணம் ஆகிய செலவுகளையும் எழுதிக் கழித்து, மிச்சத்தை வட்டமிட்டுக் காட்டினான். (அந்த மிச்சம் உள்ளூர்ச் சூளைச் சம்பளத்தைக் காட்டிலும் அப்படியொன்றும் அதிகமில்லை.) ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் ஆலோசகர் எவரும் இத்தனை தெளிவாகச் சொல்லியிருக்கமாட்டார் என்பது என் அபிப்பிராயம்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் இலவசமாக நடப்பது நல்ல ஏற்பாடே. ஆயினும் அது போட்டிப் பரீட்சைகளுக்கானது. மேலும், அதற்காக மாவட்டத் தலைநகரான கடலூருக்குப் போய்வர பஸ் செலவோடு ஒருநாள் கூலியும் போய்விடும். ஆகவே, விடுமுறை நாள் மாலைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு மேஜையையும் நாலு நாற்காலிகளையும் இப்படி ஒருவருக்கொருவர் கணக்குப் போட்டு வழிகாட்டும் பிள்ளைகளுக்கு ஒதுக்கித் தரும்படி நூலக இலாகாவினரைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சூளைத் தொழிலாளி,
விருத்தாசலம்.