சக்கரத்துக்குள்ளே ஒரு கைப்பிடி கிரீஸ்!

புது லாரி வாங்கினால் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் முதல் லோடுக்குக் கிளம்புவார்கள். ஆயுத பூஜை வந்தால் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று என்று அமர்க்களப்படும். ஆனால், அந்தச் சக்கரத்துக்குள் என்ன கிரீஸ் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ‘மெக்கானிக்குக்குத்தான் தெரியும்’ என்பார் ஓனர். மெக்கானிக்கோ, ‘நீலக் கலர் டப்பா சார்’ என்பார்.

சிக்கல் ஆரம்பிப்பதே இங்கேதான். நீலம், சிவப்பு, பச்சை எல்லாம் கம்பெனிக்காரர்கள் கலக்கும் சாயம். ஒரு கம்பெனியின் நீலமும் இன்னொரு கம்பெனியின் நீலமும் ஒரே சரக்கு என்று அர்த்தமில்லை.

அந்தக் கால மாட்டு வண்டிக்கு, வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மை போதுமானதாக இருந்தது. மாடு நடக்கிற வேகம்தானே! இன்றைய பத்துச் சக்கர லாரி லோடோடு 28.5 டன் வரை போகலாம். அவ்வளவு எடையும் ஹப்புக்குள் இருக்கும் பேரிங்குகளின் உருளைகள் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. உருளைக்கும் அது உருளும் தடத்துக்கும் நடுவே இருப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம். அதைக் கொடுப்பதுதான் கிரீஸின் வேலை.

கிரீஸ் என்பது எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் ஒருவகை சோப்பு. பஞ்சு தண்ணீரைப் பிடித்துக்கொள்வதுபோல சோப்பு எண்ணெயைப் பிடித்துக்கொண்டு, வேண்டியபோது கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். அது எந்த சோப்பு என்பதைப் பொறுத்துத்தான் கிரீஸின் குணமே.

சூடு தாங்குமா?

பெங்களூரு பக்கமிருந்து சேலத்துக்கு லோடோடு வரும் லாரி, தொப்பூர் கணவாயில் இறங்க வேண்டும். இறக்கம் முழுக்க டிரைவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் கொதிக்கும். அந்தச் சூடு ஹப்புக்கும் பேரிங்குக்கும் பரவும்.

கிரீஸ் எந்த வெப்பத்தில் உருகிச் சொட்டும் என்பதற்கு ‘டிராப் பாயின்ட்’ என்று ஒரு கணக்கு உண்டு. பழைய வகை கால்சியம் கிரீஸுக்கு அது ஏறக்குறைய 100 டிகிரி. தண்ணீரை நன்றாகத் தாங்கும், சூட்டைத் தாங்காது. சாதாரண லித்தியம் கிரீஸுக்கு 180 டிகிரிக்கு மேல். லித்தியம் காம்ப்ளெக்ஸுக்கு 250 டிகிரிக்கு மேல். அதற்காக 180 டிகிரி வரை ஓட்டலாம் என்று எண்ணக் கூடாது. ஓடும்போது இருக்கும் சூடு அதற்கு வெகு கீழே இருக்க வேண்டும். மலைப்பாதையும் பாரமும் சேர்ந்த வண்டிக்கு லித்தியம் காம்ப்ளெக்ஸை விரும்புவது இதனால்தான்.

உருகிய கிரீஸ் ஆயில் சீலைத் தாண்டி பிரேக் லைனரில் பட்டால் பிரேக் வழுக்கும். காய்ந்துபோன பேரிங் இறுகினால் ஆக்சில் முனை தேய்ந்து, சக்கரம் ஹப்போடு கழன்று ஓடும். கொதிக்கும் ஹப்பிலிருந்து டயர் தீப்பிடிப்பதும் உண்டு. அப்போது ஆபத்து டிரைவருக்கு மட்டுமா? எதிரே பைக்கில் வரும் குடும்பத்துக்கும்தான்.

டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது?

டப்பாவில் ‘என்.எல்.ஜி.ஐ’ என்ற எழுத்துகளோடு ஒரு எண் இருக்கும். 000-ல் தொடங்கி 6 வரை போகும் இது, கிரீஸின் கெட்டித்தன்மையைச் சொல்வது, தரத்தை அல்ல. 000 எண்ணெய் மாதிரி ஓடும். 6 கட்டியாக இருக்கும். வீல் பேரிங்குக்குப் பெரும்பாலும் 2, சில வண்டிகளுக்கு 3. எது என்பதை வண்டியின் கையேடு சொல்லும். ‘ஜி.சி’ என்ற குறியீடு இருந்தால் அது வீல் பேரிங்குக்கான உயர்ந்த வகை. ‘எல்.பி’ என்று மட்டும் இருந்தால் சேஸிஸுக்கானது. இரண்டும் சேர்ந்திருந்தால் இரண்டு இடத்துக்கும் ஆகும்.

பழையதன் மேல் புதியதா?

பட்டறைகளில் நடக்கும் பெரிய தப்பு, பழைய கிரீஸின் மேலேயே புதிதை அப்புவது. லித்தியம் கிரீஸோடு பாலியூரியா, களிமண் வகை கிரீஸ்கள் பெரும்பாலும் சேராது. சோப்பு உடைந்து, கலவை தண்ணீராக இளகிவிடலாம். உள்ளே என்ன இருந்தது என்று தெரியாவிட்டால், பேரிங்கையும் ஹப்பையும் மண்ணெண்ணெயிலோ டீசலிலோ சுத்தமாகக் கழுவிக் காயவைத்துவிட்டுத்தான் புதிதைப் போட வேண்டும்.

போடுவதிலும் பக்குவம் உண்டு. உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும். உருளைகளின் இடுக்கு வழியாக மறுபக்கம் கிரீஸ் பிதுங்க வேண்டும். மேலே மட்டும் பூசினால் உள்ளே காய்ந்தே கிடக்கும். ‘நிறைய போட்டால் நல்லதுதானே’ என்று ஹப் முழுக்கத் திணிப்பதும் தவறு. அதிகப்படியான கிரீஸ் கடைபட்டுக் கடைபட்டே சூடேறும், சீலையும் தள்ளும். பேரிங்கே சீல் செய்யப்பட்ட யூனிட்டாக வரும் புதிய வண்டிகளில் அதைப் பிரிக்கவே வேண்டாம்.

டீக்கடையில் வண்டியை நிறுத்தினால் டயரைத் தட்டிப் பார்ப்பது டிரைவர்களின் வழக்கம். அப்போதே புறங்கையை ஒவ்வொரு ஹப்புக்கும் அருகே கொண்டுபோய்ப் பார்க்கலாம், தொட வேண்டாம். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் அனல் அடித்தால், வண்டியைப் பட்டறைக்குத்தான் விட வேண்டும்.

மலிவு கிரீஸுக்கும் சரியான கிரீஸுக்கும் விலை வித்தியாசம் சில நூறு ரூபாய் இருக்கலாம். ஒரு ஹப் போனால் செலவு அதைவிடப் பல மடங்கு. வண்டி நின்றாலும் மாதத் தவணை நிற்காது. லாரி வைத்திருக்கும் வீடுகளில் டீசல் கணக்கு எழுதும் நோட்டிலேயே ஒரு பக்கம் ஒதுக்கி, எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில், எந்த கிரீஸ் போட்டது என்று எழுதி வைத்தால் போதும். அடுத்த முறை மெக்கானிக் ‘நீல டப்பாவா, சிவப்பு டப்பாவா’ என்று கேட்கும்போது, நோட்டைப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம்.