கிணறு கெட்டால் காசு யார் தருவது? பாலாறு வழக்கு சொல்வது என்ன

முண்டியம்பாக்கம்: ஆலையோ பன்றிப் பண்ணையோ, கழிவு இறங்கி கிணறு கெட்டால் நஷ்டஈடு யார் தருவது? வேலூர் பாலாறு வழக்கில் இதற்கு பதில் இருக்கு.

தோல் தொழிற்சாலை கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு அது. கெடுத்தவனே காசு கொடுக்கணும், நிலத்தையும் சரி பண்ணணும் என்று 1996 ஆகஸ்ட் 28ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. ஆலைகளுக்கு தலா ரூ.10 ஆயிரம் அபராதம். தன்னால் கேடு இல்லை என்று நிரூபிக்க வேண்டியதும் ஆலைக்காரர்தான் என்றது.

பேப்பரில் நல்லாத்தான் இருக்கு. பணம்? பாக்கிப் பேருக்கு 6 வாரத்தில் அரசே கொடுத்துட்டு ஆலைகளிடம் வசூலிக்கணும் என்று 2025 ஜனவரி 30ல் அதே கோர்ட் திரும்ப உத்தரவு போட வேண்டி வந்தது. 28 வருஷம்!

இப்போது சென்னையிலேயே பசுமை தீர்ப்பாயம் இருக்கு. இழப்பீடு கேட்பவர்கள் 5 வருஷத்துக்குள் மனு போடணும்.