பழுது பார்ப்பதும் விஞ்ஞானமே!



பள்ளிப் படிப்பையோ பட்டயப் படிப்பையோ முடித்தபின் உங்களில் பலருக்குக் கிடைக்கக்கூடிய முதல் வேலைகளுள் ஒன்று, கணிப்பொறிப் பிணையங்களைக் கவனித்துக்கொள்ளும் தொழில்நுட்ப உதவியாளர் வேலை. அலுவலகமோ, மருத்துவமனையோ, வங்கியோ, "நெட் வரவில்லை" என்று ஒரு குரல் எழுந்தால் முதலில் ஓடிச் செல்பவர் அவர்தாம். "இது என்ன பெரிய வேலை? வயரைப் பிடுங்கிச் செருகுவதுதானே!" என்று ஏளனமாகப் பேசுவோர் உண்டு. இவ்வேலைக்குச் செல்வோரிலும் சிலர் அப்படியே நம்பிவிடுகிறார்கள். இந்த எண்ணம் தவறானது. சில வேளைகளில் ஆபத்தானதும்கூட.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு நாள் காலை, பத்துக் கணிப்பொறிகளுள் மூன்றில் இணையம் வரவில்லை. பழுது பார்க்க வந்தவர் கேபிளை மாற்றினார், பயனில்லை. ஸ்விட்சை மாற்றினார்; அப்போதும் பயனில்லை. முடிவில், ஒரு கணிப்பொறியில் இருந்த அனைத்தையும் அழித்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றினார். இணையம் வந்ததா? இல்லை. ஆனால் முதுகலை மாணவி ஒருத்தி இரண்டு மாதங்களாக அதில் சேர்த்து வைத்திருந்த அளவீடுகள் அத்தனையும் போய்விட்டன. நகல் எடுத்து வைக்காதது எங்கள் குற்றம். கேட்காமல் அழித்தது அவர் குற்றம்.

மறுநாள் வேறோர் இளைஞர் வந்தார். வேலையில் சேர்ந்து ஆறு மாதமே ஆனவர். அவர் உடனே எதையும் தொடவில்லை. "எத்தனை மெஷின்ல வருது சார், எத்தனைல வரல? எப்போலேர்ந்து? நேத்து இங்க புதுசா என்ன நடந்துச்சு?" என்று கேட்டார். பிறகு, வேலை செய்யாத கணிப்பொறியின் ஐ.பி. முகவரியைப் பார்த்தார். அது 169.254 என்று தொடங்கியது. அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

ஒரு பிணையத்தில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி வேண்டும். வழக்கமாக ரூட்டர்தான் அதை வழங்கும். வழங்க யாரும் இல்லையென்றால், கணிப்பொறி தானாகவே 169.254 என்று தொடங்கும் முகவரி ஒன்றை வைத்துக்கொள்ளும். எங்கள் ரூட்டர் ஐம்பது முகவரிகளை மட்டுமே வழங்குமாறு அமைக்கப்பட்டிருந்தது. அப்போது நடந்த இரண்டு நாள் பயிலரங்குக்கு வந்தவர்களின் கைப்பேசிகள் அவற்றில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டுவிட்டன. பந்தியில் இலை தீர்ந்துபோன கதைதான்! இளைஞர் அந்த எண்ணிக்கையை உயர்த்தினார். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

இருவருக்கும் வேறுபாடு எங்கே? முன்னவர் கைக்கு வந்ததையெல்லாம் மாற்றிப் பார்த்தார். பின்னவர் உற்றுநோக்கினார், ஒரு கருதுகோளை அமைத்தார், அதைச் சோதித்தார். நாம் ஆய்வகத்தில் கற்பது இதைத்தானே!

பிணையப் பாடத்தில் 'ஏழு அடுக்குகள்' என்ற ஒன்று வரும். உலகத் தர அமைப்பு 1984-இல் வெளியிட்ட மாதிரி அது. நேர்முகத் தேர்வுக்காக ஏழு பெயர்களையும் மனப்பாடம் செய்வோர் ஏராளம். எந்தக் கேள்வியை எதற்குப்பின் கேட்க வேண்டும் என்பதற்கு அது ஒரு வழிகாட்டி என்பதை உணர்வோர் சிலரே. கீழிருந்து மேலே ஏறிப் பார்ப்போமா?

முதற்படி: கேபிள் செருகிய இடத்தில் சிறு விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் கேபிளையோ, அது செருகப்பட்ட இடத்தையோ ஆராய வேண்டும். இரண்டாம் படி: சரியான முகவரி கிடைத்திருக்கிறதா? மூன்றாம் படி: ரூட்டர் பதில் சொல்கிறதா? நான்காம் படி: வெளியுலகில் உள்ள ஒரு முகவரி, எடுத்துக்காட்டாக 8.8.8.8, பதில் சொல்கிறதா? ஐந்தாம் படி: எண்ணுக்குப் பதிலாகத் தளத்தின் பெயரைக் கொடுத்தால் வேலை செய்கிறதா? எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். என்னும் ஏற்பாட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். கேபிள்மேல் பழி போடுவது வீண்.

பதில் வருகிறதா என்று பார்க்க உதவும் கட்டளையின் பெயர் 'பிங்'. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் இதை எழுதினார். ஒலி அலையை அனுப்பி எதிரொலி வரும் நேரத்தை அளக்கும் சோனார் கருவியின் ஓசையையே அதற்குப் பெயராக வைத்தார். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். பிங் 4 மில்லி நொடியில் திரும்பி வந்தால், பதில் சொன்ன கணிப்பொறி இழைவழியே 400 கிலோமீட்டருக்கு மேல் இருக்க முடியாது. இதற்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்கு போதும் அல்லவா? ஆனால் ஓர் எச்சரிக்கை: பாதுகாப்புக்காகப் பிங்குக்குப் பதில் தராமல் இருக்கும் கணிப்பொறிகளும் உண்டு. எனவே, மௌனத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புக் கூறிவிடாதீர்கள்.

"அணைத்துவிட்டு மீண்டும் போட்டால் பாதிப் பழுது சரியாகிவிடுமே, இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சரியாகிவிடுவது உண்மையே, ஆனால் பழுதின் தடயமும் கூடவே அழிந்துவிடும். காரணம் தெரியாமல் போன பழுது, கதவு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்ட திருடனைப் போன்றது, மீண்டும் வரும். ஆகவே முதலில் திரையில் உள்ளதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு அணையுங்கள்.

சான்றிதழ்த் தேர்வுகளுக்கு வினா விடைத் தொகுப்பை உருப்போட்டுத் தேறிவிடலாம் என்று சொல்லும் பயிற்சி நிலையங்கள் உண்டு. சான்றிதழ் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அது உங்களைக் கதவு வரை கொண்டுபோய் விடும். உள்ளே, இணைப்பு அறுந்த மருத்துவமனையில் ஒரு நோயாளியின் பரிசோதனை முடிவுக்காக மருத்துவர் காத்திருக்கும்போது, உருப்போட்ட விடை உதவாது.

பள்ளிகளில் பழைய கணிப்பொறிகள் இரண்டும், ஒரு ரூட்டரும், சில கேபிள்களும் ஒதுக்கினால் போதும். மாணவர்கள் தாமே பழுதை உண்டாக்கிக் கண்டுபிடித்துப் பழகலாம் என்பது என் கருத்து. உங்கள் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். பிறருடைய பிணையத்தில் அனுமதியின்றிக் கைவைக்காதீர்கள். ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்திகள் கோடிடுங்கள்: என்ன கண்டேன், என்ன நினைத்தேன், என்ன சோதித்தேன். எதையும் அழிக்கும் முன், "இதில் உங்களுக்குத் தேவையானது ஏதும் இருக்கிறதா?" என்று கேட்கும் வழக்கத்தையும் சேர்த்துப் பழகுங்கள்.

அந்த மாணவி அளவீடுகளை மீண்டும் முதலிலிருந்து எடுத்தாள். அதற்கு இன்னும் இரண்டு மாதங்கள் ஆயின. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த இரண்டு மாதங்கள் மிஞ்சியிருக்கும்.