மூன்று மாதமா, ஆயுளுக்குமா?

விவாகரத்து வழக்குகளில் ஜீவனாம்சம் எவ்வளவு என்ற சண்டைதான் வெளியே தெரிகிறது. எத்தனை நாளைக்கு என்பது அதைவிடப் பெரிய கேள்வி. இந்தியாவில் அந்தக் கேள்வி 15 ஆண்டுகள் நாட்டையே உலுக்கியது. கடைசியில் தீர்த்து வைத்தது ஒரு சின்னச் சொல்.

இந்தூர் ஷா பானுவைப் பலருக்கும் நினைவிருக்கும். 43 ஆண்டு இல்வாழ்க்கைக்குப் பின் 1975இல் கணவரால் வெளியேற்றப்பட்டவர். 1978 ஏப்ரலில் ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்டார். நவம்பரில் கணவர் தலாக் சொன்னார். அவர் வக்கீல். "மஹரைக் கட்டிவிட்டேன், இத்தா காலமும் முடிந்தது, இனி எனக்குப் பொறுப்பில்லை" என்பது அவர் வாதம். இத்தா என்பது விவாகரத்தான பெண் மறுமணம் செய்யாமல் காத்திருக்க வேண்டிய, ஏறக்குறைய மூன்று மாத காலம். மாஜிஸ்திரேட் விதித்தது மாதம் 25 ரூபாய். உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக்கியது. தன்னைக் காத்துக்கொள்ள முடியாத பெண்ணுக்கு இத்தாவுக்குப் பிறகும் ஜீவனாம்சம் உண்டு என்று 1985 ஏப்ரல் 23 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எதிர்ப்பு வெடித்தது. ராஜீவ் காந்தி அரசு 1986இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. கணவனின் கடமை மூன்று மாதத்தோடு சரி, அதற்குப் பிறகு உறவினர்களும் வக்ஃப் வாரியமும்தான் கதி என்றே பலரும் அதைப் படித்தார்கள். ஷா பானுவின் வழக்கறிஞர் டேனியல் லத்தீஃபி அந்தச் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார்.

2001 செப்டம்பர் 28 அன்று வந்த தீர்ப்பு, சட்டத்தை ரத்து செய்யவில்லை. அதைக் கவனமாகப் படித்தது, அவ்வளவுதான். நியாயமான ஏற்பாட்டையும் ஜீவனாம்சத்தையும் "இத்தா காலத்துக்குள்" செய்து தர வேண்டும் என்கிறது சட்டம். "இத்தா காலத்துக்கு" என்று சொல்லவில்லை. "காலத்துக்கு" என்றால் மூன்று மாதச் சாப்பாட்டுச் செலவு. "காலத்துக்குள்" என்றால் அது கெடு. அந்தக் கெடுவுக்குள் அவளுடைய எதிர்காலத்துக்கே வழி செய்துவிட வேண்டும்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது வயிற்றைக் கலக்கும் விஷயம். அச்சுக்குப் போகும் அவசரத்தில் "இத்தா காலத்தில் வழங்க வேண்டும்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவோம். நானும் எழுதியிருக்கிறேன். இரண்டு பக்கமும் சாயும் அந்த "இல்" உருபில் ஒரு பெண்ணின் மிச்ச ஆயுள் காணாமல் போய்விடும்.

பொதுச் சட்டத்தில் ஜீவனாம்சத்துக்கு இத்தனை ஆண்டு என்ற வரம்பே கிடையாது. மறுமணம் செய்தால் நிற்கும். நிலைமை மாறினால் நீதிமன்றம் தொகையை மாற்றலாம். முஸ்லிம் பெண்களுக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது என்று 2024 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதி செய்தது.

ஷா பானுவுக்கு இதெல்லாம் எட்டவில்லை. சமூகத்தின் நெருக்கடியில், தனக்குக் கிடைத்த தீர்ப்பையே வேண்டாமென்று சொன்னவர் அவர். 1992இல் காலமானார். ஆனால் "மூன்று மாதம் முடிந்துவிட்டது, போ" என்று யாராவது வாசலில் நின்று சொன்னால், சட்டத்தில் அப்படி இல்லை என்று திருப்பிச் சொல்ல இன்று ஒரு பெண்ணால் முடியும். அது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.