கடனும் காணிக்கையும்



திருவருகைக் காலம் தொடங்க இன்னும் ஒரு வாரமே உள்ளது. வழமையாக இந்நாள்களில் ஒப்புரவு அருட்சாதனத்திற்கான நேரங்களையும் ஒளிவிழா ஒத்திகைகளையும் பற்றியே இங்கு எழுதுவேன். இம்முறை கடனைப் பற்றி எழுதுகிறேன். கடந்த சில மாதங்களில் அறைவீட்டுக்கு வந்தவர்களுள் பலர் நோய்க்காகவோ பிள்ளைகளின் படிப்புக்காகவோ செபம் கேட்டு வந்தார்கள். எழுந்து சென்று, வாசலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டிருக்கும்போதுதான் உண்மையான காரணத்தைச் சொன்னார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இங்கு நான் குறிப்பிடுபவை எவையும் ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டவை அல்ல. தேநீர் மேசையில் பேசப்பட்டவை. உரியவர்களின் அனுமதியுடன், அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தந்தையார் என்னிடம் வந்தார். வார நாள்களில் பண்டகசாலையில் வேலை. வார இறுதியில் காவற்பணி. கடனட்டைகளிலும் லைன் ஒஃப் கிரெடிட்டிலுமாக 68,000 டொலர் கடன். “பாதர், வங்குரோத்து அடிச்சால் பாவமோ?” என்று கேட்டார். வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது நீதி என்றும், முயன்றால் இறைவன் வழி திறப்பார் என்றும் பதில் சொன்னேன். குருமடத்தில் கற்ற ஒழுக்க இறையியலின்படி அந்த விடையில் பிழையில்லை. அவரிடம் எவ்வளவு உழைக்கிறீர்கள், எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை.

அவர் என் சொல்லை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். முதுமைக்கெனச் சேர்த்த ஆர்.ஆர்.எஸ்.பி பணத்தை எடுத்தார். 15,000 டொலருக்கு மேல் ஒரே தடவையில் எடுத்தால் 30 சதவீதம் வரியாகப் பிடிக்கப்படும், பிடிக்கப்பட்டது. மனைவியின் நகைகள் விற்கப்பட்டன. மூன்றாண்டுகளின் பின்னும் கடனிற் பாதி அப்படியே நின்றது. பிற்பாடுதான் ஒன்றை அறிந்துகொண்டேன். வங்குரோத்து நிலையிலும், கடைசிப் பன்னிரண்டு மாதங்களில் இட்ட தொகையைத் தவிர, ஆர்.ஆர்.எஸ்.பி சேமிப்பைக் கடன்காரர் தொட முடியாதவாறு கனடியச் சட்டம் பாதுகாக்கிறது. சட்டம் காத்துவைத்ததை என் அறிவுரை கரைத்துவிட்டது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையோடு சிரித்தார். அவருடைய மனைவி சிரிக்கவில்லை.

ஆகையால் இன்று என் கருத்தை இவ்வாறு திருத்திக்கொள்கிறேன். கடனைத் தாமே திட்டமிட்டுத் தாமே அடைத்து முடிப்பதே நல்லது. நம் குடும்பங்களுள் பலவற்றால் அது இயலும். ஆனால் இயலுமா இயலாதா என்பதைக் கூட்டல் கழித்தல்தான் சொல்ல வேண்டும். மானமோ மறையுரையோ அதற்கு விடை தர முடியாது.

நம் ஊரின் நிலைமை உங்களுக்குத் தெரிந்ததே. 2022 பெப்ரவரியில் ரொறன்ரோப் பெரும்பாகத்தின் சராசரி வீட்டு விலை 13 இலட்சம் டொலரைக் கடந்து நின்றது. அந்த மாதங்களில் ஸ்காபரோவிலிருந்து அஜக்சுக்கு வந்து வீடு வாங்கியவர்கள் நம்முள் பலர். அடுத்த மாதமே கனடா வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கியது. 0.25 சதவீதமாக இருந்தது 2023 யூலையில் 5 சதவீதமாயிற்று. மாறும் வட்டியில் எடுத்தவர்களுக்கு அப்போதே அடி விழுந்தது. 2020, 2021 இல் இரண்டு சதவீதத்துக்கும் குறைவான வட்டியில் ஐந்தாண்டுக்குப் பூட்டியவர்கள் இப்போதுதான் புதுப்பித்து, மாதத் தவணையின் பாய்ச்சலைப் பார்க்கிறார்கள். வீட்டுத் தவணை கூடியபோது மரக்கறியும் காப்புறுதியும் பெற்றோலும் அட்டைக்குப் போயின. கனடா வங்கி பின்னர் வட்டியைக் குறைத்தது. கடனட்டையின் இருபது சதவீதம் அசையவில்லை.

ஒரு குருவானவருக்கு ஏன் இந்தக் கணக்கு என்று சிலர் நினைக்கலாம். 1897 இல், ஒரு மொன்றியல்வாசி 150 டொலர் கடனுக்காக 5,000 டொலர் வட்டி செலுத்த நேர்ந்த செய்தி ஒட்டாவா நாடாளுமன்றத்தில் பேசப்பட்டது. அங்கு சுருக்கெழுத்தாளராக இருந்த அல்போன்ஸ் டெஜார்டான் அதைக் கேட்டு மனங்கலங்கி, 1900 டிசம்பரில் கியூபெக்கின் லெவி நகரில் மக்கள் வங்கியொன்றைத் தொடங்கினார். முதல் நாளில் சேர்ந்த மொத்தப் பணம் 26 டொலர் 40 சதம். அவ்வங்கிகள் ஊர் ஊராகப் பரவப் பங்குத்தந்தையர் பலர் தோள் கொடுத்தார்கள். ஆலயத்தில் கடனைப் பற்றிப் பேசுவது இந்நாட்டில் புதிதன்று.

இனி, தாமே அடைத்து முடித்த ஒரு குடும்பத்தைப் பற்றி. கணவர் பாரவூர்தி ஓட்டுநர். மனைவி முதியோர் இல்லத்தில் பணிபுரிபவர். கடன் 20,000 டொலர் இருக்கும் என்றார் கணவர். ஆளுக்கொரு கொப்பியைக் கொடுத்து, தனித்தனியே எழுதி வந்து என் முன்னால் ஒன்றாகத் திறக்கச் சொன்னேன். மனைவியின் கொப்பியில் 6,300 டொலர் கடனட்டையொன்று இருந்தது. ஊரில் தாயின் சத்திரசிகிச்சைக்கு அனுப்பியது. கணவரின் கொப்பியில், மனைவியின் தம்பியிடமே வாங்கிய 5,000 இருந்தது. இவற்றோடு வங்கி அட்டையில் 12,000, தளபாடக் கடை அட்டையில் 1,900, லைன் ஒஃப் கிரெடிட்டில் 11,000. கூட்டினால் 36,200. அறையில் நீண்ட நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு மனைவி, “தம்பி என்னட்டை ஒரு சொல்லும் சொல்லேல்லை” என்றார். அன்று அவருக்கு வட்டியைவிட அதுவே பெரிதாக வலித்தது.

எலிசா இறைவாக்கினரிடம் வந்த கைம்பெண்ணை நினைத்துக்கொண்டேன். கடன்காரன் அவளுடைய இரு மைந்தரையும் அடிமைகளாக்க வந்து நிற்கிறான். எலிசா அவளுடைய வீட்டில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்கிறார். ஒரு கலயம் எண்ணெய். புதுமை அதிலிருந்துதான் தொடங்குகிறது. எண்ணெய் பெருகிய பின்னரும் அதை விற்பதும், கடனை அடைப்பதும், மிஞ்சியதில் வாழ்வதும் அவளிடமே விடப்படுகின்றன.

இவர்களின் கலயத்தில் மாதம் 1,050 டொலர் இருந்தது. இரண்டாவது வாகனத்தைக் கைவிட்டார்கள். மகளின் சாமத்தியவீட்டை மண்டபத்தில் செய்யாமல் வீட்டிலேயே நாற்பது பேரோடு முடித்தார்கள். மகள் கவலைப்படவில்லை, கவலைப்பட்டவர் பெரியம்மா.

வங்கி அட்டையின் கணக்கை மட்டும் இங்கே விரித்துக் காட்டுகிறேன். 12,000 டொலருக்கு 19.99 சதவீத வட்டி என்றால் முதல் மாதத்தில் ஏறத்தாழ 200 டொலர் வட்டிக்கே போய்விடும். மாதம் 250 கட்டினால் முடிக்க எட்டாண்டுக்கு மேலாகும். வட்டி மட்டும் 12,000 டொலரைத் தாண்டும். 400 கட்டினால் மூன்றரை ஆண்டில் முடியும்; வட்டி 4,800 டொலருக்குள் அடங்கும். ஆகக்குறைந்த தொகையையே கட்டிவந்தால் எத்தனை ஆண்டாகும் என்பதை உங்கள் மாதாந்தக் கூற்றிலேயே அச்சிட வேண்டும் என்று 2010 முதல் விதி இருக்கிறது. அந்த வரியை இன்றிரவு தேடிப் பாருங்கள்.

எதை முதலில் அடைப்பது? உயர்ந்த வட்டியுள்ளதை என்று கணக்கு சொல்லும். ஆயினும், சிறிய கடனொன்றை முற்றாக முடித்து அட்டையைக் கத்தரித்த குடும்பம் அடுத்த மாதமும் சோராமல் கட்டுவதைக் கண்டிருக்கிறேன். இவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே அமைந்தன. தளபாடக் கடையின் வட்டியே கூடியது, கடனும் அதுவே சிறியது. ஒரு தவறும் செய்தார்கள். மிஞ்சிய பணம் முழுவதையும் கடனுக்கே கொடுத்தார்கள். பதினான்காம் மாதம் வாகனம் பழுதுபட, செலவு மீண்டும் அட்டையில் ஏறியது. அதன்பின் மாதம் 100 டொலரைத் தனியே வைத்தார்கள். நான்காம் ஆண்டு முடியுமுன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் சுழியம் எழுதினார்கள். மைத்துனரின் பணமும் அதில் அடங்கும். சீட்டுக் காசும் இனத்தவர் காசும் எந்தக் கூற்றிலும் வராதவை. ஆகவே அவற்றைக் கொப்பியில் எழுதத் தவறாதீர்கள்.

வீட்டின்மேல் கடனெடுத்து அட்டைகளை அடைப்பது பற்றிப் பலர் கேட்கிறீர்கள். வட்டி குறையும் என்பது உண்மை. ஆனால் உங்கள் வீட்டை ஈடாகக் கொள்ளாத கடனை நீங்களே வீட்டோடு கட்டிவிடுகிறீர்கள். வெறுமையான அட்டைகள் மீண்டும் நிரம்பினால் இரண்டும் சேர்ந்து நிற்கும். நம் முன்னோர் காணியை ஒற்றி வைத்தார்கள். 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையிலும் ஒற்றி உண்டு. கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைச்சலை எடுத்துக்கொள்வார். முதலைக் கொடுத்தால் காணி திரும்பும். அந்தக் கடன் இரவில் வளரவில்லை. இது வளரும்.

தொலைபேசியைக் கண்டு நடுங்குபவர்களுக்கும் ஒரு சொல். ஒன்ராறியோவில் கடன் வசூல் நிறுவனங்கள் ஏழு நாள்களில் மூன்று முறைக்கு மேல் உங்களைத் தொடர்புகொள்ளக் கூடாது. ஞாயிற்றுக்கிழமையில் பிற்பகல் ஒன்று முதல் ஐந்து மணிவரை மட்டுமே அழைக்கலாம். காலைத் திருப்பலி வேளையில் வரும் அழைப்பு சட்டமீறல்.

இப்போது கடினமான பகுதி. உங்களிடம் மிஞ்சும் தொகையால் ஐந்தாண்டுக்குள் கடன் தீராது என்று கொப்பி காட்டினால், என்னிடம் பாவமா என்று கேட்கவேண்டாம்; நான் முன்னமே பதில் சொல்கிறேன். மத்திய அரசின் உரிமம் பெற்ற வங்குரோத்து அறங்காவலரிடம் செல்லுங்கள். வசிக்கும் வீட்டின் அடமானம் நீங்கலாக 250,000 டொலர் வரையுள்ள கடனுக்குக் கன்சியூமர் புரொப்போசல் என்ற வழி உண்டு. இயன்ற பகுதியை அதிகபட்சம் ஐந்தாண்டில் கட்ட ஒப்புக்கொள்வீர்கள். கடன்காரர் பெரும்பான்மையாக ஏற்றால் வட்டி நின்றுவிடும். கடன் பதிவேட்டில் சில ஆண்டுகள் தழும்பு இருக்கும். அதனை அவரே தாக்கல் செய்ய முடியும்; இடையில் நின்று பணம் வாங்குபவர் உங்களுக்குத் தேவையில்லை. கடனைக் குறைத்துத் தருவதாகச் சொல்லி முற்பணம் கேட்பதை நம் மாகாணச் சட்டமும் தடைசெய்கிறது. ஐம்பதாம் ஆண்டில் அடிமைத்தனத்தை முடித்துவைத்த லேவியர் நூலின் இறைவனுக்கு இதில் மனத்தாங்கல் இருக்கும் என்று நான் நம்பவில்லை.

கடைசியாக, என்னைத் தூங்கவிடாத ஒன்று. அந்த ஓட்டுநர் குடும்பத்தின் கொப்பியில் மூன்றாம் பக்கத்தில் நம் ஆலயத்தின் பெயர் இருந்தது. திருநாள் உபயம், 1,500 டொலர், வங்கி அட்டையில். அந்த ஆண்டு அவர்களின் பெயரை ஒலிவாங்கியில் வாசித்தவன் நான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு குறைத்துக் கொடுக்க அவர்களுக்கு எப்படி மனம் வரும்? பெற்றோருக்கு உரியதைக் கோவிலுக்கென்று ஒதுக்கியவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டதை ஆண்டுதோறும் மறையுரையில் சொல்லும் நான், 20 சதவீத வட்டியில் வந்த உபயத்துக்கு நன்றி சொல்லியிருக்கிறேன்.

மேய்ப்புப் பணிச்சபையுடன் பேசி முடிவெடுத்துவிட்டோம். ஒருவர் கடுமையாக எதிர்த்தார். வருமானம் குறையும் என்ற அவருடைய கணிப்பு சரியாகவும் இருக்கலாம். வரும் திருநாள் முதல் உபயகாரர் பெயர்ப் பட்டியல் வாசிக்கப்படாது, அச்சிடப்படவும் மாட்டாது. உபயத்துக்குக் கடனட்டை ஏற்கப்படாது. கடன் அடைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் அது முடியும்வரை மாதக் காணிக்கையை நிறுத்திவைக்கலாம்; காரணம் கேட்கப்படாது. கொடி பழையதாகவே ஏறட்டும்.

புதன்கிழமைகளில் மாலை ஏழு மணி முதல் அறைவீட்டில் இருப்பேன். கணவனும் மனைவியுமாக வாருங்கள். கொப்பிகளை நான் வாங்கி வைத்திருக்கிறேன். இந்தப் பதிவின் கீழ் உங்கள் தொகைகளை எழுத வேண்டாம்.

செபத்துடன்,
உங்கள் பங்குத்தந்தை