அப்டேட் செய்ததும் ரீசெட் பட்டனைத் தேடாதீர்கள்

ரூட்டர் சாப்ட்வேரை அப்டேட் செய்த பின் இன்டர்நெட் வரவில்லை என்றால், உடனே கிடைக்கும் ஆலோசனை "ரீசெட் பண்ணுங்க" என்பதுதான். எனக்கு இதில் உடன்பாடில்லை. ரீசெட் செய்தால் கோளாறு போகிறதோ இல்லையோ, அதன் தடயமும் உங்கள் செட்டிங்குகளும் போய்விடும்.

அப்டேட்டுக்குப் பின் ரூட்டர் வேறு மாதிரி நடந்துகொண்டால் அது கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. நீங்கள் எதுவும் குறிப்பிடாத இடத்தில் அது தானாகப் பின்பற்றும் டிபால்ட் செட்டிங் மாறியிருக்கலாம்.

பெரிய நெட்வொர்க்குகளின் கதையைப் பாருங்கள். அங்கே எந்த முகவரிக்கு எந்த வழியாகப் போகலாம் என்பதை ரூட்டர்கள் பிஜிபி என்ற முறையில் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். இதற்கான இலவச சாப்ட்வேர்களில் ஒன்று எப்ஆர்ஆர். எந்த வழியை ஏற்பது, எதைப் பிறருக்குச் சொல்வது என்று பாலிசி எழுதாவிட்டால் வெளி நெட்வொர்க்குடன் எதையும் பரிமாறக் கூடாது என்பது 2017-ல் வந்த ஆர்எப்சி 8212 விதி. 2020-ல் வந்த எப்ஆர்ஆர் 7.4-ல் அது டிபால்ட் ஆனது. பாலிசி எழுதாமல் அந்த டிபால்ட்டுக்குப் போன ரூட்டரில் வேடிக்கை என்னவென்றால், அடுத்த ரூட்டருடன் தொடர்பு இருக்கும். வழிகள் மட்டும் ஒன்றுகூட வராது. எத்தனை வழிகள் என்ற எண் இருக்க வேண்டிய இடத்தில் 'பாலிசி' என்ற ஒரே சொல் நிற்கும். எத்தனை பேர் அதைக் கவனிப்பார்கள்?

ஒரே வரி கட்டளையில் அந்த விதியை நிறுத்திவிடலாம். நிறுத்தக் கூடாது என்பதே என் கட்சி. 2019 ஜூன் 24-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு நிறுவனத்திலிருந்து கசிந்த தவறான வழிகளை வெரைசான் வடிகட்டாமல் ஏற்றதால் க்ளவுட்ப்ளேர் சேவையை நம்பியிருந்த பல இணையதளங்கள் தடுமாறின. பாலிசி எழுதக் கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவுதான். அதேசமயம், இப்படிப்பட்ட மாற்றத்தை ரிலீஸ் நோட்ஸின் முதல் வரியிலேயே சொல்வது சாப்ட்வேர் தருபவரின் கடமை.

இனி உங்கள் வீட்டு ரூட்டர். அப்டேட்டுக்கு முன் அதன் மெனுவில் பேக்கப் வசதி இருந்தால் செட்டிங்குகளைச் சேமியுங்கள். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து டி, ஆர், ஏ, சி, இ, ஆர், டி என்ற ஏழு ஆங்கில எழுத்துகளை டைப் செய்து, ஒரு ஸ்பேஸ் விட்டு 8.8.8.8 என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். தகவல் போகும் வழி வரிவரியாக வரும். அதை நோட்பேடில் காப்பி செய்துகொள்ளுங்கள். அப்டேட் முடிந்ததும் மறுபடி இயக்கி ஒப்பிடுங்கள். முதல் வரி பொதுவாக உங்கள் ரூட்டர். முன்பு வந்த அந்த வரியே இப்போது வரவில்லை என்றால் வீட்டுக்குள் கேபிளையோ வைஃபையையோ பாருங்கள். அது வந்து, அதற்குப் பின் எதுவுமே வராவிட்டால் ரூட்டரின் இன்டர்நெட் செட்டிங்கையும் அதற்கு அப்பால் உள்ள லைனையும் சந்தேகிக்கலாம். நடுவில் நட்சத்திரக் குறிகள் மட்டும் தெரிந்தால் பயப்படாதீர்கள். சில ரூட்டர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதே இல்லை.