தரங்கம்பாடியில ஒரு ஐஸ் ஃபிஷிங்!

இந்த வாரம் ஒரு தோல்விக் கதை. உடனே அரியர், லவ் ஃபெயிலியர்னு கற்பனைக் குதிரையைத் தட்டி விடாதீங்க. இது மீன்கிட்ட தோத்த கதை. அதுலயும் வந்த ஒரே ஒரு மீன் என்னை ஆஸ்பத்திரி வரைக்கும் அனுப்பி வச்ச கதை.

எங்க குரூப்ல ஒருத்தனுக்கு 'டிஸ்கவரி'ன்னு பட்டப்பேர். பாம்பு, புலி, எரிமலைன்னு எதைப் பார்த்தாலும் மறுநாள் கேன்டீன்ல அதைப் பத்தி லெக்சர் எடுப்பான். ஒருநாள் ஐஸ் ஃபிஷிங் வீடியோ பார்த்துட்டு வந்தான். "மச்சி, ஏரி மொத்தமும் உறைஞ்சி கிடக்கும்டா. அதுமேல நடந்து போயி, ட்ரில் மாதிரி ஒண்ணை வச்சு ஓட்டை போட்டு, ஸ்டூல் போட்டு உக்காந்து, ஓட்டைக்குள்ள தூண்டில் விடுவாங்க. செம த்ரில்லு!"

எங்க ஊர்ப் பக்கம் இருபது டிகிரிக்குக் கீழ போனாலே குரங்குக் குல்லா மாட்டிக்கிற ஜனங்க நாங்க. மயிலாடுதுறையில ஐஸைப் பார்க்கணும்னா ஜூஸ் கடைக்குத்தான் போகணும். "ஐஸ் இல்லன்னா என்னடா, ஃபிஷிங் இருக்குல்ல? தரங்கம்பாடி போறோம்"னு பய முடிவே பண்ணிட்டான். ஜனவரி மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை. நான், டிஸ்கவரி, அப்புறம் எங்க போனாலும் கடைசியா வர்ற 'லேட்டு'. மூணு பேரும் பஸ் ஏறிட்டோம். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர்னு முப்பது கிலோமீட்டர் சொச்சம். டிஸ்கவரி கையில ஆன்லைன்ல வாங்கின மடக்கு ராடு, ரீலு. கண்டக்டர் அதைப் பார்த்துட்டு, "குடைக்குத் தனி டிக்கெட் இல்ல தம்பி"ன்னாரு. முதல் பல்பு!

தரங்கம்பாடிக்கும் ஐஸ் ஃபிஷிங்குக்கும் சம்பந்தமே இல்லைன்னு நினைக்காதீங்க. 1620-ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட ஒப்பந்தம் போட்டு, கடலோரமா டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினது டென்மார்க்காரங்க. சீகன்பால்குவை 1706-ல இங்க அனுப்பி வச்ச அதே ராஜா நாலாம் ஃப்ரெடரிக் காலத்துலதான், 1721-ல ஹான்ஸ் எகெடேங்கிற பாதிரியார் கிரீன்லாந்துக்குப் போனாரு. அதாவது ஒரே ராஜா, ஒரு கை இட்லி வேகுற வெயில்ல, இன்னொரு கை ஃப்ரீசருக்குள்ள! தரங்கம்பாடியை 1845-ல செராம்பூரோட சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரங்கிட்ட வித்துட்டாங்க. கிரீன்லாந்து இன்னிக்கும் டென்மார்க் ராஜ்யத்துலதான் இருக்கு. சுயாட்சியோட.

அங்க இலுலிசாட்னு ஒரு ஊரு. குளிர்காலத்துல மீன்காரங்க நாய் வண்டி கட்டிக்கிட்டு உறைஞ்ச கடல் மேல போவாங்க. ஐஸ்ல ஓட்டை போட்டு, நூத்துக்கணக்கான முள்ளு கட்டின நீளக் கயிறை இறக்குவாங்க. நுனியில ஒரு தகடு கட்டியிருக்கும். அது தண்ணிக்குள்ள பட்டம் மாதிரி சாய்ஞ்சு சாய்ஞ்சு கயிறைத் தூரமா இழுத்துக்கிட்டுப் போகும். ஹாலிபட்னு தட்டையா ஒரு மீன், நூத்துக்கணக்கான மீட்டர் ஆழத்துல இருக்கும். அதுக்குத்தான் இந்தப் பாடு. அங்கயும் சோகம் இல்லாம இல்ல. போட்ட ஓட்டை திரும்ப உறைஞ்சுக்கும். ஈரக் கயிறு கம்பி மாதிரி விறைச்சுக்கும். ஏரியில பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கிறவங்களுக்கு இன்னொரு கொடுமை... ஓட்டை சின்னதா இருக்கும், மாட்டின மீனு பெருசா இருக்கும். கண்ணு முன்னாடி மூக்கை மட்டும் காட்டிட்டுப் போயிடும்!

இதையெல்லாம் டிஸ்கவரி பஸ்ல சொல்லிக்கிட்டே வந்தான். நாங்க தூங்கிக்கிட்டே வந்தோம்.

கோட்டையைத் தாண்டி, மாசிலாமணிநாதர் கோயில் பக்கமா போனோம். 1306-ல பாண்டியர் காலத்துல கட்டின கோயில். முன்பக்கத்தைக் கடல் எப்பவோ சாப்பிட்டுருச்சு. மிச்சத்தைக் காப்பாத்த கருங்கல் கொட்டி வச்சிருக்காங்க. "இதுதான்டா ஸ்பாட்டு!"ன்னான் டிஸ்கவரி. ராடை நீட்டினான். ரீலைச் சுத்தினான். ஸ்டைலா பின்னாடி கொண்டுபோயி ஒரே வீச்சு. முள்ளு பறந்து போயி அழகா மாட்டுச்சு... லேட்டு போட்டிருந்த புதுச் சட்டை முதுகுல.

ரெண்டாவது வீச்சுல ரீல்ல இருந்த நரம்பு மொத்தமும் காக்கா கூடு மாதிரி சிக்கிக்கிச்சு. இந்த நைலான் நரம்பு சிக்கல் இருக்கே, இயர்போன் சிக்கலோட பெரியப்பா! ஒரு முனையைப் பிடிச்சு இழுத்தா வேற எங்கயோ இறுகும். முக்கா மணி நேரம் அதை எடுத்தோம். மூணாவது தடவை ஒழுங்கா கடலுக்குள்ள போச்சு. ஈயக்குண்டு ரெண்டு கல்லுக்கு நடுவுல நல்லா இறங்கி, அங்கயே குடித்தனம் வச்சிருச்சு. இழுத்தோம். டப்! குண்டு, முள்ளு, கொக்கி, அம்பது ரூபா இறாலு எல்லாம் சமுத்திரராஜனுக்கு மொய்.

நாலாவது, அஞ்சாவது வீச்செல்லாம் நண்டுக்கு. சத்தியமா சொல்றேன், நண்டு மாதிரி ஒரு ஓசிச் சோறு கேஸு உலகத்துல கிடையாது. முள்ளுல மாட்டாம இறாலை மட்டும் உருவித் தின்னுட்டு, காலி முள்ளை அனுப்பி வைக்குது. நம்ம ஹாஸ்டல்ல கூட இந்த ரகம் நிறைய உண்டு.

பக்கத்துல கொஞ்சம் தள்ளி ஒரு பெரியவர் உக்காந்து வலையைப் பொத்தல் அடைச்சுக்கிட்டிருந்தாரு. ரொம்ப நேரமா எங்க சர்க்கஸைப் பார்த்துக்கிட்டே இருந்தவரு, கடைசியில, "தம்பி, கல்லுல போட்டா கல்லுதான் மாட்டும். அங்கிட்டு மணல்ல போட்டா கிழங்கான் மாட்டும்"னாரு. சரின்னு நான் மட்டும் மணல் பக்கம் போயி கைத்தூண்டில் போட்டேன். பிளாஸ்டிக் பாட்டில்ல நரம்பைச் சுத்தி வச்சிக்கிட்டு வீசுற நம்ம ஊர் டெக்னிக். பத்தே நிமிஷத்துல ஒரு வெட்டு! இழுத்தா... மீசையோட ஒரு கெளுத்தி. குதிச்ச குதியில, முள்ளைக் கழட்டணும்னு அதைக் கப்புனு பிடிச்சுட்டேன்.

அய்யோ... அம்மா!

கெளுத்திக்கு முதுகுத் துடுப்புல ஒண்ணு, பக்கத் துடுப்புல ஒவ்வொண்ணுன்னு மூணு முள்ளு இருக்கு பாஸ். விஷ முள்ளு. கட்டை விரல் அடியில இறங்குச்சு. வலி முழங்கை வரைக்கும் ஏறி, கண்ணுல தண்ணி கொட்டுது. லேட்டு பதறிப்போயி ஐஸ் தேடி ஓடினான். (பாருங்க, ஐஸ் ஃபிஷிங் ஆயிடுச்சு!) பெரியவர் அவனை அதட்டி நிறுத்துனாரு. "ஐஸ் வேணாம், சுடுதண்ணி கொண்டாங்க!" டீக்கடை அக்கா ஒரு குண்டான்ல வெந்நி கொடுத்தாங்க. தாங்குற சூட்டுல கையை முக்கி வச்சேன். அரை மணி நேரத்துல வலி பாதியா இறங்கிடுச்சு. இது சும்மா கை வைத்தியம் இல்ல. அந்த விஷம் புரதம், சூடு பட்டா வீரியம் போயிடும். டாக்டர்களும் முதல்ல இதைத்தான் செய்யச் சொல்றாங்க. பொறுக்கிற சூடுதான், கொதிக்கிற தண்ணி இல்ல. அதுக்கப்புறம் டாக்டர்கிட்ட போயி முள்ளு உள்ள உடைஞ்சிருக்கான்னு பார்த்து, டிடி ஊசியும் போட்டுக்கணும். நானும் பொறையாறு போயி போட்டுக்கிட்டேன். ஆனா அதுக்கு முன்னாடி இன்னொண்ணு நடந்துச்சு.

என் கையைச் சுத்தி எல்லாரும் நிக்குறப்ப, டிஸ்கவரி மட்டும் அங்க இல்ல. "சிக்குன குண்டை எடுத்துட்டு வர்றேன்"னு கல்லு மேல இறங்கியிருக்கான். கீழ் வரிசைக் கல்லு, பச்சைப் பாசி. ஒரு பெரிய அலை. நான் பார்த்தப்ப அவன் இடுப்பு வரைக்கும் வெள்ளை நுரை. அலை திரும்புறப்ப அவன் காலையும் சேர்த்துக்கிட்டுப் போகுது. ஒரு கல்லோட விளிம்பைக் கையால கட்டிக்கிட்டுக் கிடக்கான். எங்க ரெண்டு பேருக்கும் சத்தமே வரல. பெரியவர் எப்படி எழுந்தாரு, எப்படி இறங்கினாருன்னு தெரியல. அடுத்த அலைக்கு முன்னாடி அவன் சட்டைக் காலரைப் பிடிச்சு மேல இழுத்துப் போட்டுட்டாரு. முழங்கால் ரெண்டும் சிராய்ச்சு ரத்தம். செருப்பு கடலோட போச்சு. ராடும் போச்சு.

அப்புறம் திட்டினாரு பாருங்க... அதை இங்க அச்சடிக்க முடியாது!

கோபம் ஆறின பிறகு அவரே டீ வாங்கிக் கொடுத்தாரு. "கல்லு நனைஞ்சிருக்குற வரைக்கும் அலையோட இடம். காய்ஞ்ச கல்லுதான் உன்னோட இடம். நாலு அலை சின்னதா வரும், அஞ்சாவது அலை ஆளைத் தூக்கும். முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறீய?" டிஸ்கவரி பேசவே இல்ல. அவனை அப்படி நான் பார்த்ததே இல்ல.

அவன் பேசாததால நான்தான் அந்த ஐஸ் ஃபிஷிங் கதையைப் பெரியவர்கிட்ட சொன்னேன். 2009 பிப்ரவரியில அமெரிக்காவுல ஈரி ஏரியில நடந்ததையும் சொன்னேன். ஐஸ்ல விரிசல் இருக்குன்னு தெரிஞ்சும், அதுமேல மரப் பலகை போட்டுப் பாலம் மாதிரி தாண்டிப் போயி மீன் பிடிச்சிருக்காங்க. காத்து திரும்புச்சு. மொத்த ஐஸும் கரையை விட்டுக் கழண்டு நகர ஆரம்பிச்சிருச்சு. நூத்து முப்பது பேருக்கு மேல மாட்டிக்கிட்டாங்க. ஹெலிகாப்டர், படகுன்னு வந்து காப்பாத்தினாங்க. ஒருத்தர் இறந்துட்டாரு.

பெரியவர் ஆச்சரியமே படல. "காத்து திரும்பும்னு தெரியாதாக்கும் அவங்களுக்கு?"ன்னாரு. அப்புறம் மெதுவா, "தெரிஞ்சிருக்கும். மீன்பாடு நல்லா இருந்திருக்கும். அதான் போயிருப்பாங்க."

அவரோட தொல்லைகளைக் கேட்டா எங்களோடது எல்லாம் எல்.கே.ஜி. ராத்திரி முழுக்க ஓடி டீசல் காலி, மீன்பாடு பூஜ்யம். வலை இழுத்தா மீனுக்குப் பதிலா வலை நிறைய சொறி, தொட்டா கையெல்லாம் தடிப்பு. பேத்தை மீன் வந்தா வலையைக் கடிச்சுப் பொத்தல் போட்டுட்டுப் போகும். அதைத் தின்னவும் முடியாது, வேக வச்சாலும் விஷம் போகாது. இஞ்சின் ஃபேன்ல வலை சுத்திக்கிச்சுன்னா நடுக்கடல்ல குதிச்சு அறுக்கணும். "எங்களுக்கும் ஐஸ்தான் தம்பி எல்லாம்"னு சிரிச்சாரு. ஃபைபர் போட்டுல பெட்டி நிறைய ஐஸ் ஏத்திக்கிட்டுப் போறாங்க. மீன் சீக்கிரம் கிடைச்சா லாபம். கிடைக்கத் தாமதமானா ஐஸ் கரையும். ஐஸ் கரைஞ்சா மீன் மெலிசா ஆகும். அப்புறம் ஏலத்துல பாதி விலைக்குக் கேப்பாங்க. "உங்க ஊரு சோக்குல ஐஸ் மேல நிப்பாங்க. நாங்க ஐஸ் கரையுறதுக்குள்ள கரைக்கு வரணும்."

2004 டிசம்பர் 26 பத்தி நாங்க கேக்கல. நாகப்பட்டினம் மாவட்டமா இருந்தப்ப, அந்த ஒரு மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல போன நாள். தரங்கம்பாடியும் அப்ப அதுலதான் இருந்துச்சு. அவரே கடலைக் கைகாட்டி, "ஒருத்தனைத்தான் அன்னிக்குக் கையில பிடிச்சேன். ரெண்டு பேரு வந்தாங்க"ன்னு சொல்லிட்டு வலையைக் கையில எடுத்துக்கிட்டாரு. யாரு, என்னன்னு நாங்க கேக்கல. டிஸ்கவரி மட்டும் எழுந்து போயி அவரு பக்கத்துல தரையில உக்காந்துக்கிட்டான். ஊசி போட பொறையாறு கிளம்புற வரைக்கும் வலைக்கு நூல் எடுத்துக் கொடுத்துக்கிட்டே இருந்தான்.

சாயங்காலம் திரும்பி வர்றப்ப ஒரு கவலை. டிஸ்கவரி வீட்டுல அவங்க அப்பாயிகிட்ட, "ராத்திரிக்கு மீன் குழம்பு, மீன் நாங்க கொண்டு வர்றோம்"னு வாய்ச்சவடால் விட்டுட்டு வந்திருந்தோம். வேற வழி? கரையில ஒரு அக்காகிட்ட ஒரு கிலோ கிழங்கான் வாங்கினோம். அவங்க பாசமா பையில ரெண்டு கை ஐஸ் அள்ளிப் போட்டாங்க. மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்டுல மறக்காம தண்ணியையும் ஐஸையும் கொட்டிட்டு, மீனை வாழை இலையில மடிச்சுக்கிட்டோம். செம ப்ளானிங்!

அப்பாயி முறத்துல மீனைக் கொட்டினாங்க. செவுளைத் தூக்கிப் பார்த்தாங்க. எங்களைப் பார்த்தாங்க. என் கைக்கட்டு, அவன் முழங்கால், லேட்டோட கிழிஞ்ச சட்டை, ஒவ்வொண்ணா பார்த்தாங்க. மறுபடி செவுளுக்குள்ள விரலை விட்டு எதையோ எடுத்து உள்ளங்கையில வச்சுக் காட்டினாங்க.

கண்ணாடிச் சில்லு மாதிரி ஒரு துண்டு ஐஸ்.

"ஏன்டா, தரங்கம்பாடி கடலு எப்போடா உறைஞ்சுது?"